எல்லாம் நார்மல் என்று சொல்லும் ரிப்போர்ட்

மாதவிலக்கு வருவதற்கு முந்தைய ஒரு வாரம், பத்து நாள் சில பெண்களைப் புரட்டிப் போட்டுவிடும். காரணம் சொல்லத் தெரியாத அழுகை, பெற்ற பிள்ளை மேலேயே பாய்கிற கோபம், ஒரு டம்ளரைக் கழுவி வைக்கக்கூடக் கை வராத அசதி, சிலருக்குச் செத்துப்போய்விட்டால் தேவலை என்கிற எண்ணம். பீரியட்ஸ் வந்து ஒன்றிரண்டு நாளில் எல்லாம் வடிந்துவிடும். பழைய ஆளாக எழுந்து நடமாடுவாள், கத்தினதற்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பாள். அடுத்த மாதம் மறுபடியும் ஆரம்பிக்கும். இவள் டாக்டரிடம் போய், "ஹார்மோன் கோளாறா இருக்குமோ?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு லேப் சீட்டு கிடைக்கும். எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., ஈஸ்ட்ரடையால், புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின், தைராய்டு. மறுநாள் ரிப்போர்ட் வரும். எல்லா எண்ணும் இருக்க வேண்டிய எல்லைக்குள் இருக்கும்.

என் சித்தி மகளுக்கு அப்படித்தான் வந்தது. அவளுக்கு 33 வயது, திருச்சியில் டீச்சர். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள். "அக்கா, எல்லாம் நார்மலாம். டென்ஷனைக் குறைச்சுக்கோங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்போ இதெல்லாம் நானா பண்றதுதானா?"

இல்லவே இல்லை. அந்த ரிப்போர்ட் பொய்யில்லை, அவள் படுகிற பாடும் பொய்யில்லை. இந்த நோய் இருக்கிற பெண்களுக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு மற்றவர்களுக்கு இருப்பது போலவேதான் இருக்கும். வித்தியாசம் இருப்பது அந்த ஹார்மோனின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் மூளை எதிர்கொள்கிற விதத்தில். ரத்தத்தை எடுத்து அளந்தால் அது தெரியாது. அப்படியானால் வேறெப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்த பிறகு என்ன செய்வது? இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லை. மருத்துவமனை மருந்தகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள், இந்த மருந்துகளைக் கையால் எடுத்துக் கொடுத்தவள். அந்த அளவில் வாசியுங்கள்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்குக்கு முன்னால் கொஞ்சம் வயிறு உப்புவது, மார்பு கனப்பது, சுள்ளென்று கோபம் வருவது ரொம்பப் பேருக்கு உண்டு. பி.எம்.எஸ். என்ற பெயர் இப்போது கல்லூரிப் பெண்களுக்கெல்லாம் பழக்கம். மனநிலை சார்ந்த தொல்லை மேலோங்கி, வேலையும் உறவும் குலைகிற அளவுக்குப் போனால் அதற்குப் பெயர் பி.எம்.டி.டி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். கையேடு இதை 1987-ல் வேறொரு பெயரில் பின்னிணைப்பில் வைத்தது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முழு நோயாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இதற்கு இடம் உண்டு, அதுவும் மகளிர் நோய்கள் பகுதியில். மனச்சோர்வு நோய்களின் பக்கத்திலும் அதைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு துறைக்கும் பொது என்று அர்த்தம். நடைமுறையில் இரண்டு துறையும் "இது எங்க கேஸ் இல்லை" என்று சொல்லிவிடுவதும் உண்டு. தினசரிக் குறிப்பு வைத்து உறுதிசெய்த ஆய்வுகளை மட்டும் கணக்கில் எடுத்தால் நூறு பெண்களில் ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கிறது. ஒரு தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பாள்.

ஹார்மோன் கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா என்ற கேள்விக்கு வயது ரொம்ப அதிகம். 1931-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க் என்ற மகப்பேறு மருத்துவர் இந்த அவஸ்தையைப் பற்றி எழுதினார். சினைப்பை ஹார்மோன் உடம்பில் தேங்கிப்போவதுதான் காரணம் என்பது அவர் எண்ணம். கடுமையாக இருந்த சிலருக்குச் சினைப்பை மேல் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார். இங்கிலாந்தில் கேத்தரினா டால்டன் என்ற டாக்டர் 1953-ல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைதான் இன்றைக்கு வழங்கும் பி.எம்.எஸ். என்ற பெயரைப் பரப்பியது. அவர் எண்ணம் நேரெதிர்: புரோஜெஸ்டிரோன் போதவில்லை, கொடுத்தால் சரியாகும். வாழ்நாள் முழுக்க அதையே கொடுத்தார். பெண்கள் சொல்வதை நம்பிய டாக்டர் என்பதற்காக எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் டம்மி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் புரோஜெஸ்டிரோன் தேறவில்லை. 2001-ல் அந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். இன்றைக்கும் நம் ஊரில் "பீரியட்ஸுக்கு முன்னாடி மூட் சரியில்லை" என்று போனால் புரோஜெஸ்டிரோன் மாத்திரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இந்தக் கேள்வியையே மாற்றிப்போட்டது அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் பெத்தெஸ்டாவில் இருக்கும் தேசிய மனநல ஆய்வு நிறுவனம். பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ இருவரும் சகாக்களோடு செய்த சோதனைகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒன்றை முடித்த இடத்தில் அடுத்த கேள்வி தானாகப் பிறக்கிற மாதிரி அடுக்கியிருக்கிறார்கள்.

1991-ல் வந்தது முதலாவது. கருக்கலைப்பு மாத்திரையாக நம் மருந்துக் கடைகளில் தெரிந்த மிஃபெப்ரிஸ்டோனை எடுத்துக்கொண்டார்கள். சினைமுட்டை வெளியாகி ஒரு வாரம் ஆனதும் அதைக் கொடுத்தால் மாதவிலக்கு முன்கூட்டியே வந்துவிடும், ஹார்மோனும் தரைக்கு இறங்கிவிடும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களின் ஹார்மோன் அளவுதான் குற்றவாளி என்றால், அந்த நாட்களையே வெட்டி எறிந்த பிறகு அறிகுறி வரக்கூடாது. வந்தது. உதிரப்போக்கு முடிந்த பிறகும், வழக்கமாக எப்போது வருமோ அப்போது வந்தது. அறிகுறி தெரிகிற நாளில் ரத்தத்தை எடுத்துப் பார்த்துப் பயனில்லை என்பது அங்கேயே ஓரளவு தெளிவாகிவிட்டது. விதை முன்னாடியே விழுந்துவிடுகிறது.

1998-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்ததுதான் பெரிய சோதனை. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடுமையான நோயாளிக்கு இன்றைக்குச் செய்யும் பரிசோதனை இதன் வாரிசுதான். லூப்ரோலைடு என்று ஓர் ஊசி. எண்டோமெட்ரியோசிஸுக்கும் நார்க்கட்டிக்கும் நம் ஊரிலும் போடுவதுதான், மாதம் ஒன்று, 3.75 மில்லிகிராம். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவை அது நிறுத்திவிடும். சினைப்பை தூங்கிவிடும். ஊசியை விட்டால் மறுபடி விழித்துக்கொள்ளும். கடுமையான பி.எம்.எஸ். இருந்த 20 பெண்களில் 10 பேருக்கு இந்த ஊசி, 10 பேருக்கு வெறும் டம்மி ஊசி, மூன்று மாதம். ஊசி போட்டவர்களுக்கு அறிகுறி நன்றாகக் குறைந்தது, டம்மி போட்டவர்களுக்குக் குறையவில்லை. சினைப்பையின் சுழற்சிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது உறுதி.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். ஊசியால் குணம் கண்டவர்கள் 10 பேருக்கு, சினைப்பை தூங்கிக்கொண்டிருக்கும்போதே, வெளியிலிருந்து ஈஸ்ட்ரடையாலும் புரோஜெஸ்டிரோனும் ஒவ்வொன்றாக நான்கு வாரம் கொடுத்தார்கள். எப்போது எது என்று பெண்ணுக்கும் தெரியாது, மதிப்பிடுகிறவருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலும் இந்தத் தொல்லையே இல்லாத 15 பெண்களுக்கும் அதே ஊசி, அதே ஹார்மோன், அதே அளவு. அந்த 15 பேருக்கு மனநிலையில் ஒரு மாற்றமும் இல்லை. நோய் இருந்த 10 பேருக்குச் சோகமும் எரிச்சலும் திரும்பி வந்தன. நோயிருந்த வேறு 5 பேருக்கு ஹார்மோன் என்று சொல்லி டம்மி கொடுத்தார்கள், அவர்களுக்கு எதுவும் வரவில்லை. ஆக, எதிர்பார்ப்பினாலோ கற்பனையினாலோ வந்ததில்லை.

வீட்டில் எல்லாரும் சாப்பிடுவது ஒரே சாம்பார்தான், வாய்ப்புண் உள்ளவருக்கு மட்டும் காரம் உயிர் போகிறது. சாம்பாரை லேபுக்கு அனுப்பி மிளகாய் அளவு சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி வந்து அவரிடம் நீட்டி என்ன பயன்? ஹார்மோன் உணர்திறன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

அதற்கடுத்து 2017-ல் அதே குழு இன்னொன்றைக் கேட்டது. ஹார்மோன் இருப்பதே ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை அளவு மாறுவது ஒத்துக்கொள்ளவில்லையா? லூப்ரோலைடில் குணம் கண்ட 12 பெண்களுக்கு இரண்டு ஹார்மோனையும் சேர்த்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக, மூன்று மாதம் கொடுத்தார்கள். முதல் மாதம் அறிகுறி திரும்பியது. இரண்டாம், மூன்றாம் மாதங்களில், அதே ஹார்மோன் அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடங்கிவிட்டது. மாற்றம்தான் வில்லன். நிலைத்துவிட்டால் உடம்பு பழகிக்கொள்கிறது. சிகிச்சைக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஏன் சிலருக்கு மட்டும் இப்படி? முழுப் பதில் இன்னும் கைக்கு வரவில்லை, துப்புகள் இருக்கின்றன. அதே 2017-ல், நோயுள்ள பெண்களின் வெள்ளணுக்களிலிருந்து வளர்த்த செல்களைப் பார்த்தபோது, ஹார்மோனுக்கு ஏற்ப மரபணுக்களை இயக்கும் ஒரு கூட்டமைப்பு அவர்களிடம் வேறுவிதமாக வேலை செய்வது தெரிந்தது. செல்லுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. "மனசைக் கட்டுப்படுத்து" என்று இந்தப் பெண்களிடம் சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது படிக்க வேண்டும். இன்னொரு துப்பு அலோபிரெக்னனலோன். புரோஜெஸ்டிரோனிலிருந்து உடம்பு தயாரிக்கிற பொருள், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியில் வேலை செய்வது. பெரும்பாலோரை அது சாந்தப்படுத்தும். சிலருக்கு அதே பொருள் பதற்றத்தையும் எரிச்சலையும் கொண்டுவருகிறது. ஸ்வீடனில் உமியோ பல்கலைக்கழகத்தில் டார்பியோர்ன் பேக்ஸ்ட்ரோம் இதில் பல காலம் உழைத்தவர். அந்தப் பொருளைத் தடுக்கும் செப்ரனலோன் என்ற மருந்தை மனிதரிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஆரம்பம் நன்றாக இருந்தது. 2020-ல் முடிந்த பெரிய சோதனையில் டம்மியைத் தெளிவாக வெல்ல முடியவில்லை. எனக்கு அது உண்மையிலேயே ஏமாற்றம்.

சரி, நம்மால் செய்யக்கூடிய பரிசோதனைக்கு வருவோம். ஒரு பேனாவும் ஒரு காலண்டரும் போதும். டி.எஸ்.எம். கையேடு கேட்பதும் இதைத்தான்: குறைந்தது இரண்டு சுழற்சிக்குத் தினமும் எழுதிய குறிப்பு. ஜீன் எண்டிகாட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வகுத்த படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் 1 முதல் 6 வரை எண் போட வேண்டும். 1 என்றால் துளியும் இல்லை, 6 என்றால் உச்சம்.

என் தங்கை படிவத்தை அச்செடுக்கவில்லை. சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரையே எடுத்துக்கொண்டாள். பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் குறிக்கிற அதே கட்டங்களில், பச்சை பேனாவில், தினமும் மூன்று எண்கள். முதலாவது அழுகை, இரண்டாவது கோபம், மூன்றாவது தூக்கம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்துகூடப் போடவில்லை, மாமியார் பார்த்தாலும் பால் கணக்கென்றே நினைத்துக்கொள்வார். பையனைத் தூங்க வைத்துவிட்டு வந்து எழுதுவாள். முதல் மாதம் முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்பினாள். பீரியட்ஸ் முடிந்த பிறகு பதினைந்து நாள் போல முதல் இரண்டு எண்களும் 1, 2 என்றே போகின்றன. பிறகு 3. அடுத்த வரிசையில் 5, 5, 6, 6. சிவப்பில் ஒரு வட்டம், பீரியட்ஸ். அதற்கு மறுநாள் கட்டத்தில் 2. இரண்டாவது மாதத் தாளும் கிட்டத்தட்ட அச்சு அசல் அதே. ஆனால் மூன்றாவது எண், தூக்கம், மாதம் முழுக்க 4-லேயே நின்றது. தூக்கக் கெடுதிக்குக் காரணம் வேறு, பரீட்சைப் பேப்பர் கட்டும் இரவில் நாலு தடவை எழும் குழந்தையும். அதையும் அந்தத் தாள்தான் பிரித்துக் காட்டியது.

இந்தப் பிரித்துக் காட்டுதல்தான் குறிப்பின் முழுப் பயன். ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னால், மாதம் முழுக்க மனச்சோர்வு உள்ள ஒருத்தியும் "பீரியட்ஸுக்கு முன்னாடிதான் டாக்டர்" என்பாள், ஏனென்றால் அந்த நாட்களில் அது கூடுகிறது. ஏற்கெனவே இருக்கும் மனச்சோர்வோ பதற்றமோ மாதவிலக்கையொட்டி ஏறுவது வேறு, நடுவில் சுத்தமாக நல்லாயிருந்து பிறகு விழுவது வேறு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. பெண்ணின் நியாயமான கோபத்துக்கெல்லாம் நோய்ப் பட்டம் கட்டுகிறார்கள் என்று பெண்ணியர்கள் 80-களிலிருந்தே எச்சரித்து வந்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை எனக்கு முக்கியம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன் மேல் வரும் கோபம் மாதத்தில் முப்பது நாளும் 5-லேயே நிற்கும். அதற்கு மாத்திரை கொடுக்கக்கூடாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பல நாட்டுப் பெண்களிடம் நடத்தி 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், தினசரிக் குறிப்பு வைத்து பி.எம்.டி.டி. உறுதியான பெண்களில் மூன்றில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது தற்கொலைக்கு முயன்றிருந்தார். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களை வைத்துச் செய்த ஆய்வு, அதனால் எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் இதைக் கடந்துபோக முடியாது. "ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்று வீட்டில் சொல்கிற அந்த இரண்டு நாள்தான் ஆபத்தான நாள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காலண்டர் நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண், தமிழில் பேசலாம்.

சிகிச்சை. முதல் வரிசையில் இருப்பவை செரட்டோனின் மாத்திரைகள்: ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், பராக்ஸெடின். 1995-ல் கனடாவில் ஃப்ளுவாக்ஸெடினை வைத்து நடந்த பெரிய சோதனைதான் கதவைத் திறந்தது. 2000-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த நோய்க்கென்றே அதை அனுமதித்தது. சுமார் பத்தில் ஆறு பேருக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

இந்த மாத்திரைச் சீட்டோடு கவுண்டருக்கு வரும் பெண்களின் முகம் எனக்குப் பழக்கம். கூட வந்தவருக்குக் கேட்காத குரலில், "இது பைத்தியத்துக்குக் குடுக்குறதா மேடம்?" என்பார்கள். மனச்சோர்வுக்குக் கொடுத்தால் இந்த மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும். பி.எம்.டி.டி.க்கு ஓரிரு நாளிலேயே வேலை செய்யத் தொடங்கும். அதனால் மாதத்தில் பாதி நாள், சினைமுட்டை வெளியாகும் சமயத்தில் ஆரம்பித்து பீரியட்ஸ் வந்ததும் நிறுத்துகிற முறையே பலருக்குப் போதும். இவ்வளவு வேகமாக எப்படி? நான் மேலே சொன்ன அலோபிரெக்னனலோன் வழியாகவே இது வேலை செய்யக்கூடும் என்று ஒரு கருத்து இருக்கிறது. காரணம் எதுவானாலும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றல்ல. குமட்டல், தலைவலி முதல் சில நாள் இருக்கலாம், தாம்பத்திய நாட்டம் குறையலாம். குடும்பத்தில் யாருக்காவது, இல்லை உங்களுக்கே, பைபோலார் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மாத்திரை அதைத் தூண்டிவிடக்கூடும். மாதம் முழுக்கத் தினமும் சாப்பிடுகிறவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது.

அடுத்தது கருத்தடை மாத்திரை, எல்லாமும் இல்லை. ட்ரோஸ்பிரினோன் சேர்ந்த, 24 நாள் மருந்தும் 4 நாள் வெறும் மாத்திரையுமாக வரும் வகைக்கு 2006-ல் அமெரிக்காவில் இதற்கான அனுமதி கிடைத்தது, கருத்தடையும் வேண்டும் என்கிறவர்களுக்கு. நம் ஊரில் ட்ரோஸ்பிரினோன் மாத்திரைகளை பி.சி.ஓ.டி.க்கு நிறைய எழுதுகிறார்கள், பெயர் கேட்டிருப்பீர்கள். ரத்தக் கட்டி வந்தவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் அடித்து வரும் மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஆகாது. தோழிக்குக் கொடுத்ததை வாங்கிச் சாப்பிடுகிற விஷயம் இல்லை இது. கால்சியத்துக்குச் சாதாரண பி.எம்.எஸ்.ஸில் ஓரளவு ஆதாரம் உண்டு, தினம் 1,200 மில்லிகிராம் கொடுத்த 1998 சோதனையில் பலன் தெரிந்தது. மனநல ஆலோசனையும் உடற்பயிற்சியும் துணைக்கு நல்லவை. கடுமையான நோய்க்கு இவை மட்டுமே போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இவை எதிலும் அசையாத சிலர் இருக்கிறார்கள். பெத்தெஸ்டாவின் ஊசி அவர்களுக்குத்தான், பரிசோதனையாகவும் சிகிச்சையாகவும். மூன்று மாதம் போல ஊசி போட்டு, காலண்டரை எழுதிக்கொண்டே வருவது. முதல் இரண்டு வாரம் ஊசி சினைப்பையைத் தூண்டிவிட்டுத்தான் அடக்கும், அதனால் அந்த நாட்களில் நிலைமை மோசமாகலாம் என்பதை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். பிறகும் 6-கள் 6-களாகவே நின்றால், காரணம் சினைப்பை சுழற்சி இல்லை, வேறெங்கோ தேட வேண்டும். அவை சரிந்து 1, 2 ஆகிவிட்டால் உணர்திறன் என்பது உறுதி.

ஆனால் இந்த ஊசி ஒரு செயற்கை மெனோபாஸ். உடம்பு குபீரென்று கொதிக்கும், தூக்கம் கெடும், நாள் போகப் போக எலும்பும் தேயும். அதனால் தொடர்வதென்றால் ஈஸ்ட்ரடையாலும், கருப்பை இருப்பவர்களுக்கு அதோடு புரோஜெஸ்டிரோன் வகையும், கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் சொல்லிவைத்த 2017 சோதனை இங்கேதான் உயிர் காக்கிறது. சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய முதல் மாதம் அறிகுறி திரும்பும். "ஐயோ, இதுவும் போச்சு" என்று பெண்ணும் டாக்டரும் கைவிடுவது அந்த மாதத்தில்தான். அளவை மாற்றாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் கொடுத்துக்கொண்டு அந்த ஒரு மாதத்தைக் கடந்துவிட்டால் அடங்க வாய்ப்பு நிறைய. சோதனையின் முடிவு தெரிந்த டாக்டர் அந்த மாதத்துக்கு நோயாளியைத் தயார்செய்து வைப்பார்.

கடைசியாக அறுவை சிகிச்சை. நம் ஊரில் 40 வயதைத் தொட்ட பெண் மாதவிலக்கைப் பற்றி எதைச் சொன்னாலும், "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடு, நிம்மதி" என்று அக்கம்பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் உதிரப்போக்குதான் நிற்கும். சினைப்பை உள்ளேயே இருக்கிறது, அதன் சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது, பி.எம்.டி.டி.யும் கூடவே ஓடும். எப்போது வரும் என்று காட்டிக்கொடுத்த உதிரப்போக்கும் போய்விடுவதால் காலண்டர் போடுவதும் கஷ்டம். உண்மையில் நோயைத் தீர்ப்பது இரண்டு சினைப்பையையும் எடுப்பது. திரும்பப் பெற முடியாத காரியம் அது, மெனோபாஸ் வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி தன் வழிகாட்டியில், ஊசியால் சோதித்துப் பார்க்காமல் இந்த அறுவையை யோசிக்கவே கூடாது என்கிறது. ஊசி பலிக்காத பெண்ணுக்கு அறுவையும் பலிக்காது. அதற்குப் பிறகு போடுகிற ஹார்மோன் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் ஊசிக் காலத்திலேயே பார்த்துவிடலாம். மூன்று மாத ஊசிச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் ஓர் உறுப்பை இழக்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களிடமும் சொல்லிவருகிறேன்.

என் தங்கை ஊசி வரை போகவில்லை. இரண்டு காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரிடம் போனாள். அவர் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்து வைத்துவிட்டு, தாள்களைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாராம். பாதி மாத செர்ட்ராலின், 50 மில்லிகிராம். முதல் மாதம் இரண்டு நாள் குமட்டியது. 6-கள் 3 ஆகியிருக்கின்றன. 1 ஆகவில்லை. அவளுக்கு அந்த 3 போதும் என்கிறாள், நான் டாக்டரிடம் மறுபடி பேசச் சொல்லியிருக்கிறேன். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் சினைமுட்டைச் சுழற்சி இல்லாததால் இந்தத் தொல்லை இருக்காது, ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வரும் ஹார்மோன் சரிவின்போது கவனமாக இருக்க வேண்டும். கருத்தரிப்பதற்கு முன்பே மாத்திரையை என்ன செய்வது என்று மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது அடுத்த வேலை.

எந்த டாக்டரிடம் போவது என்று கேட்பீர்கள். தாள்களைக் கையில் எடுத்துப் பார்க்கிற டாக்டரிடம். மகப்பேறு மருத்துவரோ மனநல மருத்துவரோ, யாரானாலும் சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டு ஓ.பி.யும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி, ஒன்றில் அலட்சியப்படுத்தினால் அன்றைக்கே இன்னொன்றுக்குப் போகலாம். தைராய்டும் ஹீமோகுளோபினும் மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். அந்த இரண்டு கோளாறும் இதைப் போலவே அசதியையும் சோர்வையும் காட்டும், அவற்றுக்கு வைத்தியம் சுலபம். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டுகள், கருத்தடை மாத்திரை உட்பட, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாலூட்டுகிறீர்கள் என்றால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். காலண்டர் எழுதுவதற்கு பீரியட்ஸ் முதல் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சுழற்சியின் எந்த நாளானாலும் பரவாயில்லை, இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம்.